முன்னால் பறந்தவர்

வான் சாகசக் காட்சிக்காக மூன்று சிறு விமானங்கள் அணியாகப் புறப்பட்டன. ஒன்றுதான் தரைக்கு முழுசாக வந்தது.

அதை ஓட்டியவர் தணிகைவேல். முன்னால் பறந்தவர். பின்னால் இருபுறமும் வந்த இரண்டும் வானத்தில் உரசி விழுந்தன. வலப்பக்கத்து முகிலன் செத்துப்போனான். இடப்பக்கத்து எஸ்தர் பாராசூட்டில் குதித்தாள். உயிர் தப்பியது. ஒரு கால் போயிற்று.

அணியில் பறக்க ஒரு கட்டுப்பாடு உண்டு. முன்னால் போகிறவர் பாதையைப் பார்ப்பார். பின்னால் வருகிறவர்கள் அவர் இறக்கையை மட்டும் பார்ப்பார்கள். ரேடியோவில் சொல்லிவிட்டுத்தான் அவர் திரும்பவேண்டும்.

அன்று திரும்பினார். சொன்னாரா?

அவருக்கே நினைவில்லை.

விசாரணை நடந்தது. காற்றின் மேல் பழி விழுந்தது. உன்மேல் தப்பில்லை என்று ஊரே சொன்னது. சொல்லச் சொல்ல அவருக்கு ஊர் பிடிக்காமல் போயிற்று. மலைமேல் இருந்த மடத்துக்கு வந்து சேர்ந்தார்.

அங்கும் தனிதான். பந்தியில் கடைசி இலை. நடந்தால் எல்லோருக்கும் பின்னால்.

மடத்துச் சாமி அவரைவிட வயதில் சின்னவர். அதிகம் பேசமாட்டார். ஒருநாள் தணிகைவேல் போய் நின்றார்.

"தப்பு என்மேலயா, சாமி?"

"நான் அங்க இருந்தேனா?"

"எல்லாரும் இல்லைங்கறாங்க."

"அவங்க இருந்தாங்களா?"



அங்கே இருந்தவர் யாராவது மிச்சமா என்று சாமி கேட்டார். ஒருத்தி இருக்கிறாள், மலையடிவாரத்து ஊரில்தான் அண்ணன் வீட்டில் இருக்கிறாள் என்றார் தணிகைவேல். போய்ப் பார்த்தாயா? இல்லை. எந்த முகத்தோடு போக?

சாமி எழுந்து போனார். தணிகைவேலின் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்தார். வாசலுக்கு வெளியே போட்டார். அவரையும் வெளியே விட்டுக் கதவைச் சாத்தித் தாழிட்டார்.

"கேப்டன் தரையிறங்குறாருடா," என்று உள்ளே யாரோ சொன்னான். சிரிப்பு கேட்டது.

மழை பிடித்துக்கொண்டது. கதவு திறக்கவில்லை. பாயைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு மலையிறங்கினார்.

அண்ணன் வீட்டில் அவள்தான் கதவைத் திறந்தாள். கட்டையை ஊன்றி நின்றாள். உள்ளே வரச் சொன்னாள். அவர் படியேறவில்லை. மழையில் நின்றபடியே கேட்டார்.

"திரும்பறதுக்கு முன்ன நான் சொன்னேனா?"

அவள் அவரை நேராகப் பார்த்தாள்.

"சொல்லல, சார்."

தணிகைவேல் படியில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை நாளில் அவரிடம் இதைச் சொன்ன முதல் ஆள் இவள்தான்.

அவளும் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தாள்.

"நானும் உங்க இறக்கையப் பார்க்கல. கீழ கூட்டத்தப் பார்த்துட்டிருந்தேன். விசாரணையில எதுவும் ஞாபகமில்லைன்னுட்டேன். நீங்க வருவீங்க, கேப்பீங்கன்னு இருந்தேன். வேற யார்கிட்ட சொல்ல?"

மழை விடும்வரை இருவரும் படியிலேயே இருந்தார்கள்.

விட்டதும் அவள் கட்டையை எடுத்தாள். முகிலனின் அம்மாவிடம் போகவேண்டும் என்றாள். அந்தத் தெருமுனைவரை பலமுறை போனாளாம். தனியாக உள்ளே நுழைய முடியவில்லையாம்.

தணிகைவேல் எழுந்தார். முன்னால் ஓரடி வைத்தார். நின்றுவிட்டார். ஒதுங்கி, அவளை முன்னால் போகச் சொல்லிக் கைகாட்டினார்.

"பக்கத்துல வாங்க, சார்," என்றாள் எஸ்தர்.