மாட்டிடம் சொன்ன பெருமை

உட்கார்ந்து கேளுங்கள், கதை சின்னதுதான். கடலோரத்து உப்பை வண்டியில் ஏற்றி மலையடிவாரம் வரை கொண்டுபோய் விற்ற அந்தக் காலத்தில், காளத்தி என்று ஓர் உப்பு வணிகர் இருந்தார். அவருக்குப் பத்து வண்டிகள், இருபது மாடுகள், ஒரே ஒரு மகள்.

அந்த மகளுக்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. இவள் பிறந்த மறு மாதம் தாயும் போய்ச் சேர்ந்தாள். எல்லாம் ஊரார் கண்ணேறுதான் என்று காளத்தி முடிவு கட்டினார். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதே! குழந்தையைக் குப்பைமேட்டில் ஒரு புரட்டுப் புரட்டி எடுத்து, குப்பாயி என்று பெயர் வைத்தார். குப்பையின்மேல் யார் கண் வைக்கப் போகிறார்கள்? அந்தக் காலத்து வழக்கம் அது.

ஆனால் குப்பாயி, குப்பை மாதிரி ஓரிடத்தில் கிடக்கிற பிள்ளை இல்லை.

ஐந்து வயதில் முன்வண்டி மாட்டின் முதுகில் ஏறிக்கொண்டு, அடுத்த சாவடி வரை ஓட்டிப் போனாள். "என்ன துணிச்சல்!" என்றார்கள் வண்டிக்காரர்கள். காளத்தி தூ, தூ, தூ என்று மூன்று முறை துப்பினார். "துணிச்சலாவது! இது சுத்த மக்கு," என்றார்.

ஏழு வயதில், சக்கரம் கிறீச்சிடுவதை வைத்தே அச்சு முறியப் போகிறது என்று சொன்னாள். இறக்கிப் பார்த்தால் அச்சில் விரிசல். "என்ன காது!" என்றார்கள். மூன்று முறை துப்பினார். "காதாவது! இது உதவாக்கரை."

எட்டு வயதில், வண்டிகளை மறித்து நிறுத்திய சுங்க அதிகாரியிடம், "மழை வருதுங்க. உப்பு கரைஞ்சு போனா அப்புறம் எதுக்கு வரி வாங்குவீங்க?" என்று கேட்டாள். அதிகாரி சிரித்து வழி விட்டார். "என்ன பேச்சு!" என்றார்கள். காளத்திக்கு நாக்கு வறண்டுவிட்டது, ஆனாலும் துப்பினார். "பேச்சாவது! கழுதை கத்துது."

பிறகு கூட்டத்தை விட்டு விலகி, தம் செவலைக் காளையின் காதருகே குனிவார். "பார்த்தியாடா என் தங்கத்தை? இவளை மாதிரி இன்னொருத்தி ஏழூர்லயும் கிடையாதுடா," என்பார். சொல்லும்போதே கண் கலங்கிவிடும். மாட்டின் கண் மனிதருக்குப் படாது என்பது அவர் எண்ணம். காளை எல்லாவற்றையும் கேட்டபடி அசைபோடும்.

இப்படியாகப் பெருமையெல்லாம் மாட்டுக்கு, வசவெல்லாம் மகளுக்கு என்று ஆனது.

ஒன்பது வயதில் குப்பாயி அடங்கிவிட்டாள். மாட்டின்மேல் ஏறுவதில்லை. எதையும் கேட்பதில்லை. உப்பு மூட்டைமேல் சாய்ந்தபடி பேசாமல் வந்தாள். யாரும் அவளை மெச்சவில்லை. கண்ணேறு ஒழிந்தது என்று காளத்தி நிம்மதியாக இரண்டு கவளம் கூடச் சாப்பிட்டார்.

அந்த ஆண்டு ஒரு நண்பகலில், வண்டிகள் காட்டாற்றங்கரையில் வந்து நின்றன. தண்ணீர் கணுக்கால் அளவுதான். கால் நனைத்துக்கொண்டிருந்த குப்பாயி, தெளிந்த நீர் செம்மண் நிறமாவதைப் பார்த்தாள். சருகும் சுள்ளியும் நுரையோடு மிதந்து வந்தன. மலையில் மழை பெய்து வெள்ளம் இறங்குகிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

காளத்தி முதல் வண்டியை இறக்கினார். நட்டாற்றில் வெள்ளம் வந்து வண்டியைப் புரட்டியது. உப்பெல்லாம் கரைந்து, வந்த கடலுக்கே திரும்பிப் போனது. காளத்தியும் கூடவே போயிருப்பார். செவலைக் காளை நுகத்தை உதறிவிட்டு நீந்தவே, அதன் வாலைப் பிடித்துக் கரையேறினார்.

குப்பாயி அவர்மேல் விழுந்து அழுதாள். "எனக்குத் தெரியும்ப்பா. தண்ணி செவந்தப்பவே தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் தாயி சொல்லலை?"

"நான் மக்குதானேப்பா. மக்கு சொன்னா யாரு கேப்பாங்க?"

ஆற்றில் அடைக்காத மூச்சு காளத்திக்குக் கரையில் அடைத்தது. எழுந்து நின்றார். ஒன்பது வண்டிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மொத்தம் பதினெட்டுக் கண்கள். "என் மக துணிச்சல்காரி," என்று உரக்கச் சொன்னார். வானத்தைப் பார்த்தார். ஒன்றும் விழவில்லை. "என் மக கெட்டிக்காரி," என்றார். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. "இவ இல்லாம நான் இல்லை," என்று சொல்லிவிட்டு, துப்ப வந்த எச்சிலைச் சிரமப்பட்டு விழுங்கினார்.

குப்பாயி மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்படின்னா இனிமே முன்வண்டிய நான்தான் ஓட்டுவேன்," என்றாள்.

கண்ணேறு பட்டேவிட்டது என்று காளத்தி நினைத்தார். ஆனாலும் வெள்ளம் வடிந்ததும், மிஞ்சிய வண்டிகளில் முன்னால் நின்றதன் மூக்கணாங்கயிற்றை அவள் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

பிள்ளையைப் பெற்றவர்களே, பிள்ளையின் பெருமையை அந்தப் பிள்ளையின் காதில் விழும்படி சொல்ல வேண்டும் என்பதே இந்தக் கதையின் நீதி.