கழற்றிப் போட்ட சாரி கார்டு

ஆதிமூலத்துக்கு ஒரு குரு இருந்தாள். குருவுக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும்.

பெயர் அமலோற்பவம். சின்ன வண்டி ஒன்றில் தனியாக லடாக் வரை போய்த் திரும்பியவள். கிருஷ்ணகிரிக்கு வெளியே அவளுக்கு ஒரு தகரக் கொட்டகை. பைக்கில் ஊர் சுற்றும் பைத்தியம் பிடித்தவர்கள் ஞாயிற்றுக்கிழமையானால் அங்கே போய் உட்கார்ந்துவிடுவார்கள். மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற ஆதிமூலமும் அவர்களில் ஒருவர். பைத்தியத்துக்கு வயசு ஏது?

போகும்போதெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்பார்.

"குருவே, லடாக் போக எந்த வண்டி வாங்கட்டும்?"

அவளும் ஒரே பதிலைச் சொல்வாள்.

"அக்காவைக் கூட்டிட்டு வாங்க சார்."

அவர் கூட்டிப்போகவில்லை. வண்டி விஷயத்தில் தவமணிக்கு என்ன தெரியும் என்று நினைத்தார். உண்மையில் அந்த ஆசையே அவர் மனைவி தவமணியுடையது. கல்யாணமான புதிதில் ஒரு காலண்டரில் பனிமலையைப் பார்த்துவிட்டு, "இதைத் தொட்டுப் பாக்கணுங்க" என்றாள். "ரிட்டையர் ஆனதும் பைக்லயே கூட்டிட்டுப் போறேன்" என்றார் இவர். சொன்னவர் மறந்தாலும் கேட்டவள் மறப்பாளா?

ஓய்வு பெற்ற கையோடு வீட்டுப் பழைய வண்டியைக் கொட்டகைக்குக் கொண்டுபோய்ப் பயணத்துக்குத் தயார் பண்ணத் தொடங்கினார். சேலை சக்கரத்தில் சிக்காமல் இருக்கப் பின்னால் மாட்டியிருக்கும் சாரி கார்டைத்தான் முதலில் கழற்றினார். தவமணி பக்கவாட்டில் உட்கார்ந்து பிடித்துக்கொள்வதும் கால் வைத்துக்கொள்வதும் அதில்தான். அதை மூலையில் வீசிவிட்டு, அந்த இடத்தில் சாமான் பெட்டி மாட்டிப் பார்த்தார். மனசு நிறையவில்லை. பெட்டியையும் கழற்றிவிட்டார். கண் பெரிய வண்டி மேல் போய்விட்டது.

வீட்டில் வந்து சொன்னார். "பெரிய வண்டின்னா மூணு பக்கமும் பெட்டி, மேல டென்ட்டு. உனக்கு எதுக்கு அந்தக் கஷ்டம்? நீ பிளேன்ல வந்துரு. நான் அங்க வந்து சேந்துக்கிறேன்."

"சரிங்க" என்றாள் தவமணி.

அதற்குப் பிறகு அவள் லடாக் பேச்சையே எடுக்கவில்லை. அது அவருக்கு உள்ளே எங்கேயோ குத்தியது. என்ன ஏது என்று கேட்கத்தான் தைரியம் வரவில்லை.

பழைய வண்டியைக் கொடுத்துவிட்டுப் பெரிய வண்டியை எடுக்க நாள் குறித்தாயிற்று. அதற்கு முந்தின நாள்தான் தவமணியைப் பழைய வண்டியில் ஏற்றிக்கொண்டு கொட்டகைக்குப் போனார். குரு வாயால் ஒரு 'சரி' கேட்டுவிட்டால் போதும் என்றிருந்தது.

"வாங்கக்கா. சௌகரியமா வந்தீங்களா?"

"கால் வைக்க ஒண்ணுமில்ல, பிடிக்க ஒண்ணுமில்லம்மா. இவரு பெல்ட்டைப் பிடிச்சிட்டு வந்தேன். ஸ்பீடு பிரேக்கர் வந்தா முருகனைப் பிடிச்சுக்கிட்டேன்."

குரு சிரித்தாள். உள்ளே போய் ஒரு தார்ப்பாயை விலக்கினாள். யாரோ விட்டுப்போன பெரிய வண்டி. ஆதிமூலம் ஆசைப்பட்ட அதே வண்டி.

"ஏறுங்கக்கா."

தவமணி காலைத் தூக்கிப் பார்த்தாள். முடியவில்லை. முக்காலி போட்டும் முடியவில்லை.

"இதுக்குப் பாகன் வேணும்மா" என்று சிரித்தாள். ஆனால் அவர் பக்கம் பார்க்கவில்லை.

"அவ பிளேன்ல வருவா" என்றார் ஆதிமூலம். "நான் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கட்டுமா?"

"ஓடாது சார். ஏதோ சென்சார் போயிடுச்சு. ஆடி மாசம் வந்து நின்னது. பார்ட்ஸ் வரணுமாம்."

அப்போது கார்த்திகை. வெளியே தூறிக்கொண்டிருந்தது.

"டீ போடப் பால் இல்ல. ரெண்டு பேருமா முனைக்கடைக்குப் போயிட்டு வந்துருங்க" என்றாள் குரு. பழைய வண்டியின் சீட்டில் இருந்த ஈரத்தை அவளே துடைத்துக் கொடுத்தாள்.

புளியமரம் தாண்டுவதற்குள் வண்டி இருமிவிட்டு நின்றது. ஆதிமூலம் மிதித்தார். மூச்சு வாங்க மிதித்தார்.

"பாத்தியா? இந்தக் கிழட்டு வண்டியை நம்பி லடாக் போகச் சொல்றே."

"நான் எங்க சொன்னேன்?" என்றாள் தவமணி.

அவர் மிதிப்பதை நிறுத்தினார்.

அவள் இறங்கி, குனிந்து, டேங்குக்குக் கீழே கையை விட்டாள். "பெட்ரோல் டேப் மூடியிருக்குங்க." திருப்பினாள். "இப்ப மிதிங்க."

ஒரே மிதியில் பிடித்துக்கொண்டது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"இத்தனை வருசமா பின்னாடி உக்காந்து தூங்கிட்டா வந்தேன்? தீர்த்தமலை போற வழியில நின்னப்ப பிளக்கைத் துடைச்சுக் குடுத்தது யாரு? உங்க மாமியாரா?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. பால் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். மேடு பள்ளத்தில் மட்டும் மெல்ல ஓட்டினார்.

"வழியில நின்னுருச்சு" என்றார் குருவிடம்.

"யாரு சரி பண்ணது?"

"அவதான்."

"டேப்பை மூடினது நான்தான் சார்" என்றாள் குரு, பாலை அடுப்பில் ஏற்றியபடி. தவமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஆதிமூலத்துக்குக் கோபம் வரவில்லை. கொட்டகைக்குள் நிற்கிற பெரிய வண்டியைப் பார்த்தார். தூறலில் நிற்கிற தன் வண்டியைப் பார்த்தார். பழைய கேள்விதான், இந்தமுறை குரல் இறங்கியிருந்தது.

"குருவே, லடாக் போக எந்த வண்டி வாங்கட்டும்?"

குரு மூலைக்குப் போனாள். துருப்பிடித்துக் கிடந்த சாரி கார்டை எடுத்து வந்து அவர் கையில் வைத்தாள். மேலே ஒரு ஸ்பேனரையும் வைத்தாள்.

"டீ கொதிக்கறதுக்குள்ள இதை மாட்டிருங்க சார்."

"இப்பவேவா?"

"பின்ன? லடாக் வரைக்கும் அக்கா உங்க பெல்ட்டைப் பிடிச்சிட்டா வருவாங்க?"