ஒரு வரி குறைந்த செப்பேடு

வெண்ணிமலையை ஆண்ட கோதண்டவர்மருக்கு எதையும் பாதி கொடுக்கத் தெரியாது. கொடுத்தால் முழுசாகக் கொடுப்பார், பிறகு முழுசாக வருந்துவார்.

அவருடைய கம்மியர் பூபாலாச்சாரி வெண்கலத்தில் ஒரு பாவை செய்து கொண்டுவந்தார். அது தானாகச் சிந்தித்தது, வழக்குத் தீர்த்தது, மழைக்கு நாள் குறித்தது. மன்னர் சொக்கிப்போனார். அரச முத்திரையைச் சந்திரனும் சூரியனும் உள்ளவரை அதன் கையிலேயே கொடுத்துவிடத் தீர்மானித்தார்.

அவையில் ஒரு சில்லறைச் சந்தேகம் மட்டும் எழுந்தது. முத்திரை கைக்கு வந்ததும் பாவை மனித குலத்தையே ஒழித்துக்கட்டினால்? அதற்குப் பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்றார் ஒரு பண்டிதர். ஆயிரத்தில் ஒன்று என்றார் இன்னொருவர். இருபது நாள் வாதம் நடந்தது. இப்போது இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

செப்பேடு எழுதும் அதிகாரி திருமலைக்கொழுந்து மட்டும், கொடுக்கவே வேண்டாம் என்றார். பாவை தன்னைவிட அழகாக எழுதுகிறதே என்ற பொறாமை என்றார் ஆச்சாரி. மன்னருக்குக் கோபம் வந்துவிட்டது. ஆபத்து எவ்வளவு என்று நாளை உச்சிப்பொழுதுக்குள் எடைபோட்டுச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நாட்டை விட்டுப் போய்விட வேண்டும் என்று கட்டளையிட்டார்.

கொழுந்துக்கு உண்மையிலேயே பயம்தான். கணக்கு அவருக்கு வராது. முப்பது வருடம் செப்பேடு எழுதியதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே வித்தை. எல்லாச் செப்பேடும் ஒரே மாதிரிதான். முதலில் மன்னர் புகழ், அப்புறம் கொடை, அப்புறம் அதைத் திரும்பப் பறிப்பவனுக்குச் சாபம். கடைசியில், "இதைக் காக்கப்போகும் வருங்கால மன்னர்களின் பாதம் என் தலைமேல்" என்று ஒரு வரி.

மறுநாள் கொழுந்து வழக்கத்தைவிடச் சிறிய செப்புத் தகடு ஒன்றை அவைக்குக் கொண்டுவந்தார். முத்திரைக் கொடைக்கான செப்பேட்டைப் பாவையே எழுதட்டும் என்று கேட்டுக்கொண்டார். ஆச்சாரி பெருந்தன்மையாகத் தலையசைத்தார்.

"ஒரு வரிக்கு இடம் போதாது" என்றது பாவை.

"எது தேவையில்லையோ அதை விட்டுவிடு" என்றார் கொழுந்து.

எழுதி முடித்ததும் மன்னர் வாங்கிப் படித்தார். புகழ் முழுவதும் இருந்தது. அவர் முகம் மலர்ந்தது. கொடை இருந்தது, சாபமும் இருந்தது. வருங்கால மன்னர்களைத்தான் காணோம்.

பாவை பொய் சொல்லாது. ஆச்சாரி ஊரெல்லாம் பீற்றிக்கொண்டதே அதைத்தான்.

"கடைசி வரியை ஏன் விட்டாய்?" என்று கேட்டார் மன்னர்.

"படிக்க ஆள் இருக்காது."

"என் புகழை மட்டும் ஏன் வைத்தாய்?"

"தாங்கள் இன்னும் முத்திரையைத் தரவில்லை."

மன்னர் முத்திரையை மெல்ல இடுப்பில் செருகிக்கொண்டார். ஆச்சாரி பாவையின் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"ஆபத்து எவ்வளவு என்று நீர் இன்னும் சொல்லவில்லையே" என்றார் மன்னர்.

"கணக்கு எனக்கு வராது, அரசே. ஒரு வரி அளவுக்கு இருக்கும்" என்றார் கொழுந்து.

மன்னருக்குச் சிரிப்பு சற்றுத் தாமதமாகத்தான் வந்தது. கொழுந்துக்கு ஒரு கிராமத்தையே பரிசாகக் கொடுத்தார், அதற்கான செப்பேட்டை அவரையே எழுதச் சொன்னார். இந்தத் தடவை கொழுந்து வருங்கால மன்னர்களை முதலில் எழுதினார். எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தடவையும் எழுதினார்.

மன்னரின் புகழுக்குத்தான் இடம் போதவில்லை.