ஃப்ளைவீலில் ஒரு கட்டைவிரல்

குரு என்றதும் தாடியைத் தேட வேண்டாம். இந்தக் கதையின் குருவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. பெயர் தமயந்தி. கோயமுத்தூர் கணபதியில் தகரக் கூரை போட்டு, இரும்பு கடையும் லேத் பட்டறை ஒன்றின் முதலாளி, டர்னர், எல்லாம் அவள்தான். சீடர் வெள்ளியங்கிரிக்கு அறுபத்து மூன்று. மளிகைக் கடையை மூடிவிட்டு, லேத் ஓட்டச் சொல்லிக்கொடு என்று வந்து நின்ற மனிதர்.

"இந்த வயசுல எதுக்குங்கய்யா?"

"பையன் ஒரு எஞ்சின் செஞ்சிட்டிருந்தான், அம்மிணி. பாதியில நிக்குது."

ஒரே பையன், மௌலி. வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் சின்ன லேத் ஒன்றைப் போட்டு, உள்ளங்கை அகலத்தில் நீராவி எஞ்சின் செய்துகொண்டிருந்தான். அம்மாவுக்கு ஓட்டிக் காட்டுவதாகச் சொல்லியிருந்தான். மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தவன் எழுந்திருக்கவில்லை.

தமயந்தி விளக்குமாற்றை எடுத்துக் கொடுத்தாள்.

வெள்ளியங்கிரி பெருக்கினார். லேத்துகளுக்கு அடியில் கிடந்த இரும்புத் தூளையெல்லாம் அள்ளி, வாசலோரம் நின்ற ட்ரம்மில் கொட்டினார்.

"இது எங்க போகும்?"

"ஃபவுண்டரிக்கு. உருக்கி வார்ப்பாங்க. திரும்ப நம்மகிட்டயே வரும்."

ஒரு வருஷம் போனது. தராசு பிடித்த கை மெல்ல மெல்ல டூல் பிடிக்கப் பழகியது. வீட்டுக் கொட்டகையும் வளர்ந்தது. தரைக்குக் கான்கிரீட் போட்டார். கனமான மரமேசை செய்து, இரும்பை இறுக்கிப் பிடிக்கும் வைஸைப் பூட்டினார். துளை போடுகிற மெஷின் வந்தது, சாணைக்கல் வந்தது. ஆனால் லேத்தில் செய்யவேண்டிய வேலையை மட்டும் பட்டறைக்கே தூக்கிக்கொண்டு வருவார். பிஸ்டனை இங்கே கடைந்தார். சிலிண்டரையும் இங்கேயே முடித்தார்.

"வீட்டுல லேத்தை வெச்சுக்கிட்டு ஓசியில என் கரண்டை எரிக்கறீங்களே, மளிகைக்கடைப் புத்தி இன்னும் போகலையா?" என்று தமயந்தி சீண்டினாள்.

எப்போதும் சிரிக்கிற மனிதர் அன்று சிரிக்கவில்லை.

"ஒருதரம் வீட்டுக்கு வந்து பாரு, அம்மிணி" என்றார்.

போனாள். கொட்டகை அவ்வளவு சுத்தமாக இருந்தது. நடுவில் லேத், ஒரு பழைய சேலையால் போர்த்தியிருந்தது. வெள்ளியங்கிரி சேலையை விலக்கினார். லேத்தின் சக் கடித்துப் பிடித்திருந்த வார்ப்பிரும்புச் சக்கரம் தெரிந்தது. எஞ்சினைச் சீராக ஓடவைக்கும் ஃப்ளைவீல். அதன் விளிம்பில் ஓர் இடத்தில் மட்டும் துரு ஏறியிருந்தது.

"எண்ணெய் போடாம விட்டுட்டீங்களே!"

"துடைச்சிராதே. அது அவன் கட்டைவிரல்."

மௌலிக்கு எப்போதும் கை வேர்க்கும். கடைந்த இரும்பை வெறுங்கையால் தொட்டால் எண்ணெய் தடவிவிட வேண்டும் என்பது தெரிந்த பையன்தான். அன்று காய்ச்சல் மயக்கத்தில், விளிம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு அப்படியே போய்ப் படுத்துவிட்டான். காரியமெல்லாம் முடிந்து அப்பா கொட்டகையைத் திறந்தபோது, விரல் பட்ட இடத்தில் துரு எழும்பியிருந்தது. ரேகை ரேகையாக. அவர் அதைப் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை.

"இந்த இடத்தைத் தொடாம எஞ்சினை ஓட்ட முடியுமா, அம்மிணி?"

தமயந்தி சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தாள். விளிம்பு ஏறி இறங்கியது.

"விளிம்பைக் கடைசியா ஒருதரம் வெட்டணுங்க. இப்படியே மாட்டினா ஒரு பக்கம் கனம். எஞ்சின் உதறியே உடைஞ்சு போகும்."

"சரி, ஓட வேண்டாம். துரு பரவாம, இந்த ரேகையை மட்டும் இப்படியே நிறுத்தி வைக்க ஒரு வழி சொல்லு."

அவள் மேசையில் கிடந்த ஒரு வார்ப்பிரும்புத் துண்டை எமரித் தாளால் பளபளவென்று தேய்த்தாள். பெரியவரின் கையைப் பிடித்து, கட்டைவிரலை அதன்மேல் அழுத்தி எடுத்தாள்.

"இதை லேத்துப் பக்கத்துலயே வைங்க. எண்ணெய் போடாதீங்க. மழை முடிஞ்சு எடுத்துட்டு வாங்க."

வைத்தார். தினமும் பார்த்தார். முதலில் ரேகைகள் ஒவ்வொன்றாகத் துருவில் எழும்பி வந்தன. கோலம் போட்டது போல அத்தனை சுத்தம். அவருக்கு ஒரே சந்தோஷம். மழை வலுத்தது. கோடுகள் தடித்தன, ஒன்றோடொன்று ஒட்டின. மழை ஓய்ந்ததும் துண்டைப் பட்டறைக்கு எடுத்துப் போனார்.

தமயந்தி அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"எந்த விரலுங்க இது?"

"கட்டைவிரல்."

"எப்படித் தெரியுது?"

"வெச்சது நான்தானே..."

சொல்லிக்கொண்டே துண்டை எட்டிப் பார்த்தார், அதில் ஒரு கோடுகூடத் தனியாக இல்லை. அவள் துண்டை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள்.

வீட்டுக்கு வந்து சேலையை விலக்கினார். சக்கரத்தில் ரேகை எதுவும் இல்லை. புளியங்கொட்டை அளவுக்கு ஒரு பழுப்புத் திட்டு இருந்தது. எத்தனை நாளாக அப்படி இருக்கிறதோ! இல்லாத கோட்டைத்தான் இத்தனை நாளும் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பையன் அன்றுதான் செத்துப்போன மாதிரி இருந்தது அவருக்கு. கொட்டகைத் தரையில் உட்கார்ந்து அழுதார்.

மறுநாள் தமயந்தியைக் கூப்பிட்டார்.

"நீ சும்மா பக்கத்துல நில்லு. நானே வெட்டறேன்."

லேத்துக்கு அடியில் செய்தித்தாளை விரித்தார். சுவிட்சைப் போட்டார். டூல் பட்டதும் முதலில் பழுப்பாகத் தூள் உதிர்ந்தது. உடனே மெஷினை நிறுத்தி, அந்தத் தாளை எடுத்துத் தனியாக வைத்தார். வேறு தாள் விரித்து மீதியை வெட்டினார். அதெல்லாம் சாம்பல் நிறத் தூள். சக்கரம் வெள்ளைவெளேரென்று, துளி ஆட்டமில்லாமல் சுற்றியது.

எஞ்சினில் மாட்டி, கொதிகலனைச் சூடேற்றினார்கள். ஓடியது. சத்தம் கேட்டு அவர் மனைவி கொட்டகை வாசலுக்கு வந்தாள். ஆவி தீர்ந்து சக்கரம் நிற்கும்வரை அவள் அங்கேயே நின்றாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த நாள் வெள்ளியங்கிரி பட்டறைக்கு வந்தார். கையில் ஒரு பொட்டலம். கடைக்காரர் மடித்த பொட்டலம். மூலை பிசகாமல் நூல் சுற்றியிருந்தது. உள்ளே அந்தப் பழுப்புத் தூள்.

"மௌலி சாம்பலைப் பேரூர் ஆத்துல கரைச்சப்போகூட எனக்கு இப்படி இல்லை" என்றார். "இதை நான் எங்க வைக்கட்டும், அம்மிணி?"

தமயந்தி லேத்தை நிறுத்தினாள். பொட்டலத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். நடந்து போய், ஃபவுண்டரிக்குப் போகிற வாசலோர ட்ரம்மின் மூடியைத் திறந்து கீழே வைத்தாள்.

"இங்க தூளுக்கு ஒரே ட்ரம்முதானுங்கய்யா."