பச்சைப்புல்லும் பொற்காசும்

மலையடிக் குளத்தில் மான்கள் தண்ணீர் குடிக்கும். மலை உச்சியில் ஒரு மந்தி காவல் இருக்கும். இரண்டுக்கும் நடுவே நெடுந்தூரம். ஆனாலும் உச்சியில் மந்தி தும்மினால் குளத்தங்கரையில் கேட்கும்!

காரணம், சேதிக்குழல். காட்டு விலங்குகள் எல்லாம் சேர்ந்து மூங்கில்களை ஒன்றில் ஒன்று செருகி, உச்சியிலிருந்து குளம்வரை கொண்டுவந்திருந்தன. அதில் குரல் வரும். வழியெங்கும் பாறைகளில் கண்ணாடிபோல் மின்னும் காக்காப்பொன் தகடுகளையும் சாய்த்து வைத்திருந்தன. உச்சியில் நடப்பது தகட்டுக்குத் தகடு தாவி, குளத்தங்கரைத் தகட்டில் படமாகத் தெரியும். சிறுத்தை இறங்கினால் மந்தி கத்தும், படமும் தெரியும். குளத்தில் இருப்பவர்கள் ஓடித் தப்புவார்கள்.

குழலுக்குச் சொந்தக்காரர் கிடையாது. யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். ஒரே ஒரு வழக்கம்தான். வேலையைப் பாதியில் விட்டுப் போகிறவர் அந்த இடத்தில் ஒரு பச்சைப்புல்லைச் செருகிவிட்டுப் போவார். அடுத்து வருகிறவர் மீதியைச் செய்வார். மரங்கொத்தி துளை போடும், அணில் தூசி வழிக்கும், தூக்கணாங்குருவி நார் கொண்டு இறுக்கும். முடித்தது யார் என்று கேட்டால் மூன்றுக்குமே தெரியாது.

ஒருநாள் மயிலுக்குக் காட்டுவழியில் ஒரு பை கிடைத்தது. எந்த வழிப்போக்கனோ தவறவிட்ட பொற்காசுப் பை. மயிலுக்குத் தாராள மனசு. அது உண்மை. தன் ஆட்டம் தகட்டில் மங்கலாகத் தெரிகிறதே என்ற வருத்தமும் அதற்கு உண்டு. அதுவும் உண்மை.

"சேதிக்குழலை மேம்படுத்துகிறவர்களுக்குப் பொற்காசு பரிசு!" என்று மயில் அறிவித்தது.

அந்தக் காட்டில் கடையும் இல்லை, சந்தையும் இல்லை. பொற்காசை வைத்து எதை வாங்குவது? ஒருவராவது கேட்க வேண்டுமே! கேட்கவில்லை. பணம் என்றால் பிணமும் வாய் திறக்குமாம். அணில் திறக்காதா?

"பரிசு யாருக்கு என்று யார் தீர்ப்பது?" என்றது அணில்.

"நான் இருக்கும்போது என்ன கவலை?" என்று நரி முன்னால் வந்தது. அதுவரை அது குழலில் ஒரு நார்கூட இழுத்துக் கட்டியதில்லை. அதனால்தான் நடுவராக இருக்க அதற்கு நேரம் இருந்தது. காசுப் பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு விதியைச் சொன்னது: "முடித்தவருக்கே காசு! தொடங்கியவர், தாங்கியவர், தூக்கியவர் கதையெல்லாம் என்னிடம் வேண்டாம்."

மறுநாளே வினை தொடங்கியது. மரங்கொத்தி அலகு தேய ஒரு கணுவைச் சீர்செய்தது. அசதி வந்ததும் வழக்கம்போலப் புல்லைச் செருகிவிட்டுத் தூங்கப் போனது. அணில் வந்தது. கடைசித் தூசியை வாலால் ஒரு தட்டுத் தட்டியது. "முடித்தேன்!" என்று கூவியது. காசு அணிலுக்கு!

"தம்பி, அது என் வேலை அல்லவா?" என்றது மரங்கொத்தி.

"பாதிதானே அண்ணே உங்களுடையது? விதி அப்படி! நான் என்ன செய்ய?"

அன்றோடு மரங்கொத்தி புல் செருகுவதை விட்டது. தன் வேலையை இலை போட்டு மூடி வைத்தது. அதைப் பார்த்துக் குருவியும் மூடியது. ஊர் கூடி இழுக்கும் தேரை ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது.

ஆனால் பரிசுகளுக்குக் குறைவில்லை. மரங்கொத்தி குழலில் ஓர் எதிரொலிக் கூடு குடைந்தது. காசு! எந்தக் குரலையும் இனிமையாக்கும் நார் வலையைக் குருவி பின்னி மாட்டியது. காசு! அணில் பூச்சாற்றைத் தகட்டில் பூசியது. எதைக் காட்டினாலும் பளபளவென்று இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. "இதுவல்லவோ வளர்ச்சி!" என்று மயில் தோகை விரித்தது.

குளத்தங்கரையில் ஒரு புள்ளிமான் மட்டும் கவலையாக நின்றது. அதன் குட்டிக்கு இன்னும் காலில் உரம் ஏறவில்லை. மந்தியின் குரல் சீக்கிரம் கேட்டால்தான் அது தப்பும். குரலோ நாளுக்கு நாள் கம்மிக்கொண்டே வந்தது. மான் குழலோடு நடந்து பார்த்தது. நடுக்கணுவில் கரையான் புற்று வைத்திருந்தது.

மான் நரியிடம் ஓடியது. "நரியாரே! குழலைக் கரையான் அடைக்கிறது. யாரையாவது சுத்தம் செய்யச் சொல்லுங்கள்!"

"சுத்தம் செய்வதா? அதில் புதுமை எங்கே இருக்கிறது? இதற்கெல்லாம் காசு கிடையாது."

"காசு வேண்டாம். கரையான் போனால் போதும்!"

"காசு இல்லாமல் யார் வருவார்?" என்று நரி நிஜமாகவே ஆச்சரியப்பட்டது.

மான் அணிலிடம் போனது. "தம்பி, போன மழைக்குக்கூட நீதானே வழித்துப் போட்டாய்?"

"அது போன மழை, அக்கா! இப்போது சும்மா செய்தால் ஏமாளி என்பார்கள். இன்னும் கொஞ்சம் அடைக்கட்டும். முழுக்க அடைத்தால் பெரிய பரிசாக அறிவிப்பார்கள். அப்போது முதல் ஆளாக வருகிறேன்!"

மான் தானே ஒரு பச்சைப்புல்லை வாயால் கிள்ளி நடுக்கணுவில் செருகியது. போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்த்தார்கள். 'இதில் என்ன சூழ்ச்சியோ!' என்று ஒதுங்கிப் போனார்கள். புல் காய்ந்து உதிர்ந்தது.

பிறகு ஒரு மாலை, பரிசளிப்பு விழாவுக்கு எல்லாரும் குளத்தங்கரையில் கூடினார்கள். அந்த நேரம் பார்த்துச் சிறுத்தை மலையிலிருந்து இறங்கியது. "சிறுத்தை! ஓடுங்கள்!" என்று மந்தி தொண்டை கிழியக் கத்தியது.

அந்தக் கத்தலில் பாதியைக் கரையான் மண் தின்றது. மீதியை நார் வலை இனிமையாக்கியது. எதிரொலிக் கூடு அதைத் திரும்பத் திரும்ப மீட்டியது. குளத்தங்கரைக்கு வந்து சேர்ந்தது ஓர் அருமையான ராகம்!

"ஆகா! மந்தியக்கா பாடக்கூடச் செய்வாளா?" என்றது குருவி.

தகட்டில் படமும் வந்தது. இளஞ்சிவப்பு உடம்பு, பூப்பூவாகப் புள்ளிகள்! "யார் இது, என்னைவிட அழகாக அசைந்து வருவது?" என்று மயில் பொறாமைப்பட்டது.

"இந்த வண்ணத்துக்கு இன்னொரு காசு!" என்று நரி பைக்குள் கையை விட்டது.

மான் மட்டும் தகட்டைப் பார்க்கவில்லை. காற்றில் மூக்கை நீட்டியது. "வாடை! சிறுத்தை வாடை!" என்று அலறி, குட்டியை முட்டி நாணலுக்குள் தள்ளியது. சிறுத்தை பாய்ந்தது. அதன் நகம் குட்டியின் பின்னங்காலைக் கிழித்தது. திரும்பி மயிலைக் கவ்வியது. வாயில் தோகை மிஞ்சியது, மயில் மரத்தில் ஏறிவிட்டது. நரி ஓடியது. காசுப் பை இலந்தை முள்ளில் மாட்டிக்கொண்டது.

"நரியாரே, பையைக் கழற்றிப் போடுங்கள்!" என்று அணில் கத்தியது.

நரி கழற்றவில்லை. நரியைச் சிறுத்தை தூக்கிக்கொண்டு போனது. பை மட்டும் முள்ளிலேயே தொங்கியது.

விடிந்தது. நொண்டும் குட்டியோடு மான் நடுக்கணுவுக்குப் போய், மறுபடியும் ஒரு பச்சைப்புல்லைச் செருகியது. மரங்கொத்தி பார்த்துக்கொண்டிருந்தது.

"இது யார் வேலையின் பாதி, அக்கா?"

"பாதிகூட இல்லை அண்ணே. எனக்குக் கொத்தத் தெரியாது, வழிக்கத் தெரியாது. செருகத்தான் தெரியும்."

மரங்கொத்தி குட்டியின் காலைப் பார்த்தது. அதற்கு வெட்கமாக இருந்தது. புற்றைக் கொத்தத் தொடங்கியது. அசந்துபோனதும் புல்லை அங்கேயே விட்டுப் பறந்தது. அணில் வந்து மண்ணை வழித்தது, தகட்டுச் சாயத்தையும் துடைத்தது. குருவி வந்து தான் பின்னிய வலையைத் தானே பிய்த்து எறிந்து, கணுவை நாரால் இறுக்கியது. எதிரொலிக் கூடும் ஒருநாள் அடைபட்டது.

பிறகு உச்சியில் மந்தி தும்மியது. குளத்தங்கரையில் கேட்டது!

தோகையில்லாத மயில் முள்ளிலிருந்து பையை எடுத்துக்கொண்டு ஓடிவந்தது. "பிரமாதம்! இந்த வேலையை முடித்தது யார்? சொல்லுங்கள், பரிசு தருகிறேன்!"

மரங்கொத்தி அணிலைப் பார்த்தது. அணில் குருவியைப் பார்த்தது.

"தெரியாது!" என்றன மூன்றும்.

பலர் கைகோத்துச் செய்யும் வேலைக்கு, முடித்த ஒரு கையில் மட்டும் பரிசைத் திணித்தால், பரிசுதான் மிஞ்சும், வேலை மிஞ்சாது.