ஆணையர் அனுப்பிய பாராட்டு

பூங்காவில் இலவச வைஃபை வேலை செய்வதே இல்லை என்று, அங்கே கூட்டிப் பெருக்கும் பவுனம்மாள் ஒரு நிருபரிடம் சொல்லிவிட்டாள். நகராட்சி ஆணையர் ஞானசிகாமணி அந்த நிருபரையும் இழுத்துக்கொண்டு பாய்ந்து வந்தார்.

"ஒரு வருஷமா ஒரு புகார்கூட வரலை! நீ சொன்னதை இப்பவே நிரூபி. இல்லேன்னா வேலை காலி."

"புகாரை எப்படிங்கய்யா அனுப்பணும்?"

"இந்த வைஃபைல மட்டும்தான்."

"அப்ப நீங்களே அதுல ஒரு பாராட்டு அனுப்புங்கய்யா. போய்ச் சேர்ந்தா நான் பொய்க்காரி."

ஆணையர் பாராட்டைத் தட்டினார். திரையில் வட்டம் சுற்றியது. பெஞ்சில் ஏறிப் போனைத் தூக்கிப் பிடித்தார். வட்டம் நிற்கவில்லை.

"நல்லதுதானே எழுதினேன், ஏன் போகலை?" என்று குழம்பிப்போய் அவளையே கேட்டார்.

"கெட்டதும் இப்படித்தாங்கய்யா போகலை."

நிருபர் சிரித்தபடி எழுதிக்கொண்டார். பவுனம்மாளின் வேலை தப்பியது. மறுநாள் பூங்காவில் ஒரு தகரப் புகார்ப்பெட்டி தொங்கியது. சாயங்காலத்துக்குள் அது நிரம்பி வழிந்தது.