உலகம்மாள் நிறுத்திய பக்கம்

வாகைநேரிக் கிளை நூலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. படிப்பவர் பாதியில் எழுந்து போகும்போது, விட்ட பக்கத்தில் எதை வைத்துவிட்டுப் போனாலும் அதை யாரும் எடுப்பதில்லை. பேருந்துச் சீட்டு, மயிலிறகு, நாள்காட்டித் தாள், திருநீறு மடித்த காகிதம், மாத்திரை தீர்ந்த அட்டை, காய்ந்த கறிவேப்பிலை இணுக்கு; எதுவானாலும் அது அங்கேயே இருக்கும். தூசி தட்டும்போதுகூடப் புத்தகத்தைக் கவிழ்த்துப் பிடிக்கக் கூடாது. நூலகர் மரகதவல்லி, தம்மிடம் வேலை கற்க வந்தவருக்கு முதலில் சொன்னது இதைத்தான்.

வேலை கற்க வந்த குத்தாலிங்கம் நூலகரைவிட வயதில் மிகவும் மூத்தவர். ஓய்வு பெற்ற பேருந்து நடத்துநர். அவர் நூலக வேலையைத் தேடி வந்தவர் அல்லர். ஒரு கதையைத் தேடி வந்தவர்.

அவருடைய மனைவி உலகம்மாள் முற்பகல் வேளைகளில் இந்த நூலகத்தில் வந்து உட்கார்ந்து படிப்பாள். புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை. கணவர் வண்டியை விட்டு இறங்கி வந்து சாப்பிட உட்கார்ந்ததும், அன்று படித்ததை அவருக்குச் சொல்வாள். கடைசியாக அவள் சொல்லி வந்தது கிணறு வெட்டும் ஒருவனுடைய கதை. மழையற்ற ஊரொன்றில் அவன் கிணற்றுக்குள் இறங்குகிறான். மேலே இருப்பவர்கள் கயிற்றை இழுத்துக்கொண்டு ஊரையே விட்டுப் போய்விடுகிறார்கள். அவன் கீழே தோண்டுவதை நிறுத்திவிட்டுப் பக்கவாட்டில் தோண்டத் தொடங்குகிறான். நெடுநாள் தோண்டுகிறான். ஒரு நாள், மண்சுவருக்கு மறுபுறத்திலிருந்து யாரோ தன்னை நோக்கித் தோண்டி வரும் ஓசை அவனுக்குக் கேட்கிறது.

அவ்வளவுதான் அவள் சொன்னது. மறுநாள் காலையில் அவள் எழுந்திருக்கவில்லை.

குத்தாலிங்கம் நூலகரிடம் வந்து, தமக்குப் புத்தகத்தின் பெயர் தெரியாது, எழுதியவர் பெயரும் தெரியாது, மறுபுறம் தோண்டி வந்தவர் யார் என்பது மட்டும் தெரிந்தால் போதும் என்றார். நூலகர் முழுவதையும் கேட்டார். எல்லா அலமாரிகளையும் ஒரு முறை பார்த்தார்.

"அடுக்கத் தெரியாதவங்களுக்குத் தேடத் தெரியாது, அண்ணாச்சி. நாளையிலிருந்து வாங்க."

அப்படித்தான் அவர் சீடரானார். எந்த எண்ணுக்கு எந்தத் தட்டு என்பதையும், பூச்சி அரிக்காமல் இருக்க அலமாரியில் எங்கே வேப்பிலை வைக்க வேண்டும் என்பதையும், நாளிதழ் மேசையில் தூங்குகிறவரை எப்படி எழுப்பாமல் இருப்பது என்பதையும் கற்றுக்கொண்டார். ஒரு நாள், இறந்து போனவர் வைத்த அடையாளத்தையாவது எடுக்கலாம் அல்லவா என்று கேட்டார். நூலகர் கையிலிருந்த புத்தகத்தை அதன் இடத்தில் செருகினார்.

ஐப்பசியில் நூலகருக்கு மாவட்டத் தலைநகரில் பயிற்சி வகுப்பு வந்தது. சாவியைக் குத்தாலிங்கத்திடம் கொடுத்துவிட்டுப் போனார். அவர் போன பின்பு, மேலதிகாரிகள் பார்வையிட வரப்போகிறார்கள் என்ற செய்தி வந்தது. குத்தாலிங்கத்துக்கு ஒரே பதற்றம். வேலையில் இருந்த காலத்தில், ஒவ்வொரு நடை முடிவிலும் வண்டிக்குள் கிடக்கும் குப்பையைத் தம் கையாலேயே பெருக்கித் தள்ளியவர் அவர். கற்ற பாடத்தைக் கை மறந்தது; பழைய பழக்கத்தை மறக்கவில்லை. புத்தகம் புத்தகமாக எடுத்து, கவிழ்த்து, உதறினார். இடையிலிருந்து விழுந்தவற்றால் ஒரு சாக்கு நிறைந்தது. நூலகத்தின் பின்புறம் கொண்டுபோய் எரித்தார்.

அதிகாரிகள் வரவில்லை.

மறுநாள் மதிய இடைவேளையில் நூலகக் கதவைத் தாழிட்டு, உள்ளே தனியாக உட்கார்ந்து சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தபோது அந்த ஓசையைக் கேட்டார். பக்கம் புரட்டும் ஓசை. மின்விசிறியை நிறுத்தினார். ஓசை நிற்கவில்லை. சன்னல்களைச் சாத்தினார். அப்போது இன்னும் தெளிவாகக் கேட்டது.

காற்று புரட்டினால் அப்படிக் கேட்காது. நாலைந்து பக்கங்கள் விரைவாகப் போயின, சற்று நின்றன, ஒரு பக்கம் பின்னால் வந்தது, மறுபடியும் விரைந்தன. எதையோ தொலைத்த கை அப்படித்தான் புரட்டும். ஓசை வந்ததோ, விரல் நுழைய இடமின்றி நெருக்கி அடுக்கியிருந்த தட்டிலிருந்து. ஒரு புத்தகத்தை உருவினார். கைக்கு வந்ததும் அது அடங்கிவிட்டது. திறந்து பார்த்தார். பக்கங்களின் கீழ்மூலைகள் ஈரமாக இருந்தன, எச்சில் தொட்ட விரல் அப்போதுதான் பட்டது போல.

அடுத்த நாள் பல தட்டுகளிலிருந்து கேட்டது. ஒரு கை பொறுமையாகப் புரட்டியது. ஒரு கை எரிச்சலோடு புரட்டியது. ஒன்று, கிழித்துவிடுமோ என்று தோன்றும்படி நடுங்கியது. கதவைத் திறந்து ஆட்கள் உள்ளே வந்ததும் எல்லாம் ஓய்ந்தன.

நாளிதழ் படிக்க வரும் செல்லையாவிடம் மட்டும் இதைச் சொன்னார். செல்லையா மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார்.

"கண்டக்டரே, ஏறினவன் எவனோ இறங்காம உள்ளேயே இருக்கான். விசில் ஊதிப் பாருமே."

குத்தாலிங்கத்துக்குச் சிரிப்பு வரவில்லை. தாம் எரித்தது குப்பையன்று என்பது அந்தக் கணத்தில் அவருக்கு விளங்கிவிட்டது. அந்தச் சாக்கில் உலகம்மாள் வைத்ததும் இருந்திருக்கும் என்பது, வீட்டுக்குப் போய்க் கை கழுவும்போது விளங்கியது. அன்று அவர் சாப்பிடவில்லை.

நூலகர் திரும்பி வந்த அன்று, மதியம் கதவைச் சாத்தும் வரை குத்தாலிங்கம் காத்திருந்தார். சாத்தியதும் நடந்ததைச் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் தட்டுகள் தொடங்கிவிட்டன. நூலகர் ஓர் அலமாரியின் மரத்தில் உள்ளங்கையை வைத்து, காய்ச்சல் பார்ப்பவரைப் போல நின்றார். சினம் கொள்ளவில்லை. சாம்பலை என்ன செய்தீர்கள் என்று மட்டும் கேட்டார். வாழைக்குப் போட்டதாகக் குத்தாலிங்கம் சொன்னார்.

"இந்தச் சத்தம் எப்படிம்மா நிக்கும்?"

நூலகர் ஒரு புத்தகத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"முதல் பக்கத்திலிருந்து வாய்விட்டுப் படிங்க."

"யாருக்கு?"

"நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்துங்க."

அந்த இடத்தை எப்படி அறிவது என்று கேட்க நினைத்தவர் கேட்காமல் படிக்கத் தொடங்கினார். அது ஒரு பயணநூல். நடத்துநரின் குரல், கடைசி இருக்கை வரை கேட்கும். அவர் படிக்கப் படிக்க, அந்தப் புத்தகம் எடுக்கப்பட்ட இடைவெளியிலிருந்து ஒரு புரட்டல் அவரோடு கூடவே வந்தது. அவர் பக்கம் திருப்பினால் அதுவும் திருப்பியது. ஒரு மலைப்பாதையின் நடுவில் அது நின்றுவிட்டது. அதன்பின் அந்த இடைவெளியில் எந்த ஓசையும் இல்லை. நூலகர் ஒரு வெள்ளைத் தாள்கீற்றை அந்தப் பக்கத்தில் வைத்து, புத்தகத்தை அதன் இடத்தில் செருகினார்.

"அடுத்தது," என்றார்.

அன்றிலிருந்து மதியந்தோறும் அதுவே வேலை. சமையல் நூல்கள் பெரும்பாலும் இனிப்புப் பகுதியில் நின்றன. சோதிட நூல் ஒன்று, படித்தவருடைய இராசி வந்ததும் நின்றிருக்க வேண்டும். தடித்த தத்துவ நூல் ஒன்று இரண்டாம் பக்கத்தைத் தாண்டவில்லை. அதை யார் எடுத்துப் படித்தார் என்பது தமக்குத் தெரியும் என்றும், ஊரெல்லாம் அந்தப் புத்தகத்தைப் பற்றி அவர் பேசிக்கொண்டு திரிந்தார் என்றும் நூலகர் சொன்னார். ஒரு துப்பறியும் நாவல், கொலையாளி பிடிபடுவதற்கு ஒரே ஒரு பக்கம் இருக்கும்போது நின்றது. குத்தாலிங்கத்துக்கு மனம் ஆறவில்லை.

"ஒரு பக்கந்தானே மிச்சம்? அதையும் படிச்சிட்டுப் போயிருக்கக் கூடாதா?"

"பஸ் வந்திருக்கும், அண்ணாச்சி."

குத்தாலிங்கம் தாள்கீற்றை வைத்தார். எத்தனை பேரை அப்படி ஏற்றிக்கொண்டு போயிருப்போம் என்று எண்ணியவர்போல் அன்று முழுவதும் இருந்தார்.

பனிக்காலம் தொடங்கிய பின்பு ஒரு நாள், காக்கி நிறத் துணியில் கட்டிய ஒரு மெல்லிய புத்தகம் கைக்கு வந்தது. முன்பக்கத் தாள்கள் இல்லை, பெயர் இல்லை. முதல் வரியைப் படித்தார். மழையற்ற ஊர். இரண்டாம் வரியில் குரல் உடைந்தது. நூலகர் தண்ணீர்ச் செம்பை அவர்பால் நகர்த்தி வைத்துவிட்டுத் தம் இருக்கைக்குப் போனார்.

குத்தாலிங்கம் படித்தார். இடைவெளியிலிருந்து அந்தப் புரட்டல் அவரோடு வந்தது. மென்மையான புரட்டல். ஒவ்வொரு பக்கத்தையும் திருப்புவதற்கு முன் விரலால் ஒரு முறை தடவும் ஓசையும் அதில் கேட்டது. கீரைக்கட்டை அவிழ்க்கும்போது உலகம்மாள் அப்படித்தான் தடவுவாள். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் நின்றுவிடுமோ என்ற அச்சம்.

கிணறு வெட்டுபவன் இறங்கினான். கயிறு மேலே போனது. ஊர் ஓய்ந்தது. அவன் அண்ணாந்து பார்த்தான். வட்டமான வானம் தெரிந்தது. அது மெல்ல மெல்லச் சாம்பல் நிறமாகி, பிறகு கறுத்தது.

அடுத்த பக்கத்தைத் திருப்பினார். பின்னட்டை.

தாள் ஏதேனும் கிழிந்திருக்கிறதா என்று பார்த்தார். கட்டு உறுதியாக இருந்தது. கடைசி வரியின் கீழே 'முற்றும்' என்று அச்சிட்டிருந்தது. அவன் பக்கவாட்டில் தோண்டவே இல்லை. உப்புப் படுகையைக் கடக்கவில்லை. ஆற்றுக்கு அடியில் போகும்போது தலைக்கு மேலே துடுப்பு விழும் ஓசையைக் கேட்கவில்லை. கோயிலுக்கு அடியில் படுத்து, மணியோசை மண்ணுக்குள் இறங்கி வருவதை மார்பால் உணரவில்லை. மறுபுறத்தில் யாரும் இல்லை. இவை யாவும் ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் அவர் தட்டுக்கு எதிரே அமர்ந்து உலகம்மாள் சொன்னவை. ஒன்றுகூட இந்தப் புத்தகத்தில் இல்லை.

புரட்டல் நிற்கவில்லை. கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்குப் போயிற்று. முதலிலிருந்து கடைசிக்கு வந்தது. வர வர அதன் மென்மை குறைந்தது. மற்ற தட்டுகள் எல்லாம் ஓய்ந்து, அது ஒன்று மட்டும் அறை முழுவதும் நிறைந்தது.

"அம்மா, புஸ்தகம் முடிஞ்சுபோச்சு. இவ நிக்க மாட்டேங்கா."

"அவங்க நிறுத்தின இடம் அதுல இல்லை. மூடி வச்சிட்டு மேலே சொல்லுங்க."

"மேலேன்னா?"

"உங்களுக்குச் சொன்னதை."

குத்தாலிங்கம் புத்தகத்தை மூடினார். அதை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, அவன் பக்கவாட்டில் தோண்டத் தொடங்கினான் என்று சொன்னார்.

புரட்டல் அடங்கியது.

அவர் சொல்லிக்கொண்டே போனார். உப்பைச் சொன்னார். துடுப்பைச் சொன்னார். வழியில் அவனுக்குக் கிடைத்த, யாரோ எப்போதோ தவறவிட்ட ஒற்றைக் கொலுசைச் சொன்னார். உலகம்மாள் எந்த இடத்தில் நிறுத்தி, இன்னும் கொஞ்சம் ரசம் விடவா என்று கேட்டாளோ, அந்த இடத்தில் தாமும் நிறுத்தி மூச்சு வாங்கினார். மாலையில் நூலகம் திறக்கும் வேளை வந்தது. வெளியே செல்லையா கதவைத் தட்டினார். நூலகர் எழுந்து திறக்கவில்லை. செல்லையா ஏதோ ஏசிவிட்டுப் படியில் உட்கார்ந்தது கேட்டது.

கடைசியாக, மண்சுவருக்கு மறுபுறத்திலிருந்து யாரோ தன்னை நோக்கித் தோண்டி வரும் ஓசை அவனுக்குக் கேட்டது என்று குத்தாலிங்கம் சொன்னார்.

சொல்லி நிறுத்தினார்.

அறையில் ஓசை இல்லை. ஆனால் மற்றப் புத்தகங்கள் ஓய்ந்தபோது இருந்த அமைதி போன்றதன்று இது. கேட்டுக்கொண்டிருப்பவர் மூச்சைப் பிடித்திருக்கும்போது வரும் அமைதி. அந்தப் புத்தகம் இருந்த இடைவெளிக்குப் பின்னால், சுவரும் அலமாரியும் சேரும் இடத்தில், மண்ணைச் சுரண்டுவது போன்ற ஒலி ஒரு முறை கேட்டது. காத்திருந்து, இன்னொரு முறை கேட்டது.

 குத்தாலிங்கம் நூலகரைத் திரும்பிப் பார்த்தார்.

"இதுக்கு மேல எனக்குத் தெரியாதும்மா."

மரகதவல்லி கையிலிருந்த தாள்கீற்றை மேசை மேல் வைத்தார்.

"தெரிஞ்சதையா அவங்க உங்களுக்குச் சொன்னாங்க, அண்ணாச்சி?"